கல்லை யாருப்பா தூக்கறது?

கிரைண்டர் கடைத் தம்பிகளுக்கென்று ஒரு வியாதி உண்டு. நாம் செருப்பைக் கழற்றுவதற்குள் மோட்டார் எத்தனை வாட்ஸ் என்று சொல்லிவிடுவார்கள். பெரியம்மாவோடு போனபோது எங்களுக்கு வாய்த்தவருக்கு வியாதி நன்றாகவே முற்றியிருந்தது. காப்பர் வைண்டிங், வாரண்டி, பாடி எல்லாவற்றையும் மூச்சு விடாமல் ஒப்பித்தார். பெரியம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இதுல கல்லை யாருப்பா தூக்கறது?" என்றார்.

"டிரம்மோட அப்படியே கழட்டிக்கலாம்மா."

"அதான் கேக்கறேன். யாரு கழட்டறது?"

பெரியப்பா அவசரமாக சீலிங் ஃபேன் பக்கம் நகர்ந்து விலை விசாரிக்க ஆரம்பித்தார்.

பெரியம்மாவின் அடுத்த பரிசோதனை சத்தம். காலி கிரைண்டரை ஓடவிட்டு, கடை டிவியில் பேசுவது காதில் விழுகிறதா என்று பார்த்தார். சீரியல் நேரத்தில்தான் மாவரைப்பு. பிறகு டிரம்மின் நடுத்தண்டு அடியில் விரலை விட்டு, "இந்த இடுக்குல மாவு காஞ்சா எதால சுரண்டறது?" என்றார். தம்பி கையிலிருந்த நோட்டீஸைப் புரட்டினார். அதில் அந்த இடுக்கைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

பெரியம்மாவுக்கு வேண்டியது பொங்கி வருகிற மாவும் நோகாத இடுப்பும். மாவு மட்டும் போதுமென்றால் மிக்ஸியே இருக்கிறது. ஆனால் பிளேடு சுற்றுகிற வேகத்தில் மாவு சூடாகும். இட்லி சப்பென்று போய்விடும். கல் நிதானமாக அரைக்கும், அவ்வளவாகச் சூடேறாது.

கோவையில் சபாபதி 1955-ல் வெட் கிரைண்டரைக் கொண்டுவந்ததாகச் சொல்வார்கள். ஆட்டுக்கல்லில் குழவியைக் கை சுற்றியது. கிரைண்டரிலோ குழவி நின்ற இடத்தில் நிற்க, கல் தொட்டி சுற்றியது. தோள்வலி போயிற்று. ஆனால் குழவியைத் தூக்கி, குனிந்து மாவை வழித்து, கழுவி ஊற்றுகிற வேலை அப்படியே இருந்தது. டில்டிங் கிரைண்டர் வந்துதான் குனிந்து வழிக்கிற தண்டனை குறைந்தது. அப்புறம் ஃபிளாட் சமையல்கட்டு மேடைக்கு டேபிள் டாப். இவை எதுவும் மாவை இன்னும் நைசாக்க வந்ததில்லை. அரைத்த பிறகு என்ன பாடு என்று எவரோ சமையல்கட்டில் நின்று பார்த்திருக்கிறார். கோவை கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது; அந்த எவரோவுக்கு ஒரு சிலை வைக்கலாம் என்பது என் கட்சி.

கிரைண்டரோடு தேங்காய்த் துருவியையும் சப்பாத்தி மாவு பிசையும் கருவியையும் சேர்த்துக் கொடுத்த மகானுக்கு மட்டும் சிலை கிடையாது. எங்கள் வீட்டில் இரண்டும் பாலித்தீன் உறை பிரிக்காமல் பரண்மேல் இருக்கின்றன. உங்கள் வீட்டிலும் அங்கேதான் இருக்கும், ஏறிப் பாருங்கள்.

கிரைண்டர் கம்பெனி முதலாளிகளுக்கு ஒரு விண்ணப்பம். விளம்பரத்துக்கு நடிகையைக் கூப்பிடுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. அதற்குமுன் ஒரு ஞாயிற்றுக்கிழமை நீங்களே உளுந்து போட்டு அரைத்து, வழித்து, அந்த இடுக்கையும் கழுவி வையுங்கள். எந்த வாட்ஸ் மோட்டாராக இருந்தாலும் சரி.