கொடுக்கல் வாங்கல்

கடைசி இடத்துக்குப் போன அணி, வீரர் பரிமாற்றக் கெடு முடிவதற்குள் ஆளை வாங்க வேண்டுமா, விற்க வேண்டுமா?
— வாசகர், பாறசாலை

இதைப் பாறசாலைக்காரரா கேட்பது? 2025 ஐ.பி.எல்.லில் 14 ஆட்டங்களில் நாலே வெற்றி. சென்னை முதன்முறையாகக் கடைசி இடம். நவம்பரில் இரண்டையும் செய்தார்கள். ஜடேஜாவையும் சாம் கரனையும் ராஜஸ்தானுக்குக் கொடுத்துவிட்டு, உங்கள் நெய்யாற்றின்கரை தாலுகாவின் புல்லுவிளையில் பிறந்த சஞ்சு சாம்சனை 18 கோடிக்குக் கூட்டிவந்தார்கள். (18 கோடி ஜடேஜா, பாவம், 14 கோடிக்கு இறங்கிப் போனார்.)

உங்கள் பக்கத்தில் இதற்கு முன்பும் ஒரு கொடுக்கல் வாங்கல் நடந்தது: 1956 தமிழக-கேரள எல்லைப் பிரிப்பில் விளவங்கோடு தமிழ்நாட்டுப் பக்கம் வந்தது. நெய்யாற்றின்கரையையும் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கேட்டுப் போராடியது, கிடைக்கவில்லை. பதிலுக்கு ஒரு ஆல்ரவுண்டரைத் தருகிறோம் என்று சொல்ல யாருக்கும் தோன்றவில்லை போல!