பாதிப் பங்கு கேக்குற பேத்திக்கு

வா தாயி, இப்படி உக்காரு. பெங்களூருல வெள்ளிக்கிழமை ஆனா போதும், கூட வேலை பாக்குற பயலுகளுக்குச் சமமா கிளாஸ் ஏந்துறியாமே? பயப்படாத. நான் வையப் போறதில்லை. அரசாங்க ஆஸ்பத்திரியில கம்பவுண்டரா மாத்திரைப் பொட்டலம் மடிச்சே தலை நரைச்சவன். உன்னைப் பாராட்டத்தான் கூப்பிட்டேன்.

ஒயின் குடிச்சா கலர் வரும்னு எவளோ சொன்னாளாம். வரும் தாயி. தோலுக்கடியில ரத்தக்குழாய் விரிஞ்சு மூஞ்சி செவக்கும். உங்க சின்னத்தாத்தாவும் ராத்திரி எட்டு மணிக்கு மேல செக்கச்செவேல்னுதான் இருப்பான். அவனை எவனும் சினிமாவுல நடிக்கக் கூப்பிடலையே!

ஆம்பளைக்குச் சமம்னா சொன்னே? தப்பு. நீ அவனை முந்திட்டே. எடை ஒண்ணு, சரக்கு ஒண்ணுன்னாலும் உன் ரத்தத்துலதான் சாராயம் கூடுதலா நிக்கும். அது தண்ணியில கலக்குற சாமான். பொம்பளை உடம்புல தண்ணிப் பங்கு கம்மி. ஒரே கை உப்பைச் சின்னச் சட்டியில போட்டா கரிக்கத்தானே செய்யும்? ஈரல் விசயத்துலயும் அப்படித்தான். அவன் வருசக்கணக்கா ஊத்தி ஊத்திச் சேக்குற வியாதியை, நீ கொஞ்சமாக் குடிச்சு வெரசாச் சேத்துப்புடலாம். சிக்கனமும் சுறுசுறுப்பும் நம்ம வீட்டுப் பொம்பளைகளுக்குக் கூடப் பொறந்ததாச்சே!

சாராயம் புற்றுநோயைக் கொண்டாரும்னு உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 1988-லேயே எழுதி வச்சிருச்சு. "தினம் ஒரு கிளாஸ்தானே தாத்தா"ம்பே. அந்த ஒண்ணுக்கே மார்புப் புற்றுநோய் வர்ற வாய்ப்பு கொஞ்சம் ஏறுது. இவ்வளவு வரைக்கும் ஆபத்தில்லைன்னு எந்த அளவையும் சொல்ல முடியாதுன்னு 2023-ல அந்த நிறுவனமே கையை விரிச்சிருச்சு. ஒயின்னு வந்தாலும் பீருன்னு வந்தாலும் உள்ள இருக்கிற ஆசாமி ஒருத்தன்தான். நாளைக்கு வயித்துல ஒரு உசுரு தங்கினா, தொப்புள்கொடி வழியா அதுக்கும் ஒரு பங்கு போகும். உனக்கே தள்ளிப்போனது தெரியுறதுக்கு முந்தி அது குடிகாரக் கூட்டத்தோட சேந்திரும்.

குடிச்சா நல்லாத் தூக்கம் வருதா? வரும். நடுச்சாமத்துல முழிப்பும் வரும். அந்நேரத்துக்குத் தெருநாயி மட்டுந்தான் பேச்சுத் துணை.

ஏலே பேரா, ஓரமா நின்னு என்ன இளிப்பு? உனக்குத் தனிச் சலுகை ஒண்ணும் எழுதி வைக்கலை. நீ குடிச்சா உன் ஈரலும் போகும், உன் பொண்டாட்டி நிம்மதியும் போகும். ஒரு பாட்டிலுக்கு ரெண்டு நோயாளி!

சமபங்கு கேக்கணும், தாயி. கட்டாயம் கேக்கணும். ஆனா அவன் வாந்தியெடுக்குற இடத்துலயா போய்ப் பாதி கேப்பே? பொம்பளைப் பிள்ளைக்கும் குடும்பச் சொத்துல சமபங்குன்னு நம்ம தமிழ்நாட்டுல 1989-லேயே சட்டம் வந்தாச்சு. உங்கப்பன் கம்மாக்கரை வயலுப் பத்திரத்தை இன்னும் பெட்டியில போட்டுப் பூட்டித்தான் வச்சிருக்கான். போ, போய் அதைக் கேளு. நீ வாயைத் திறந்ததும் அவனுக்குத் தலை சுத்தும் பாரு, எந்த ஒயினும் அந்த மாதிரி சுத்த வைக்காது!