பூச்சாடிச் சர்வேயர்

யாழ்ப்பாணத்தில் வைரவர் கோயிலும் வாசிகசாலையும் இல்லாத ஊர் அரிது. பூச்சாடிச் சர்வேயர் இல்லாத ஊர் அதைவிட அரிது. ஆளைக் கண்டுபிடிப்பது சுலபம். பென்சன் எடுத்தவர். கச்சேரியில் கிளாக்கராகவோ, தபாலதிபராகவோ, நீர்ப்பாசன ஓவசியராகவோ, கணக்கு மாஸ்டராகவோ இருந்திருப்பார். சாரம், கைவைத்த பெனியன், பெனியனில் பொக்கற் இல்லாத குறைக்கு இடுப்பில் செருகிய அடிமட்டம். நீங்கள் கேற்றடியில் நின்று கூப்பிட்டால் விறாந்தையில் ஒருவரையும் காணமாட்டீர்கள். குரல் மட்டும் நிலமட்டத்திலிருந்து வரும்.

"கொஞ்சம் பொறும் தம்பி, வாறன். இஞ்சாரும்! அம்பத்தேழு தசம் நாலு. எழுதிப்போட்டீரோ?"

"பேனையைக் காணேல்லை" என்று குசினிக்குள்ளிருந்து பதில் வரும். பேனை அவர் காதில் இருக்கும்.

எழும்பி வந்து உங்களுக்குத் தேத்தண்ணி தரச் சொல்லிவிட்டு, ஊர்ப் புதினம் ஒன்றும் கேட்காமல், கொப்பியை எடுத்து விரிப்பார். தடித்த மட்டை போட்ட சீ.ஆர். கொப்பி. சிவப்பு மையால் பத்தி பிரித்திருக்கும்: திகதி, உயரம், இலைத்தொகை, நீர், குறிப்பு. கண்டுகளுக்குப் பெயர் கிடையாது, பதிவிலக்கம்தான். விறாந்தையில் நிற்பவை வி/1 முதல் வி/9 வரை. குசினி யன்னலில் தொங்குகிற மணிபிளான்ட் கு/1. வெயில் பட்டுக் கருகிய அந்தூரியத்தை நிழலுக்கு மாற்றினால் "சுகவீனம் காரணமாக இடமாற்றம்" என்று பதிவார். பூக்காமல் நிற்கிற ஓர்க்கிட்டுக்கு நேரே "விளக்கம் கோரப்பட்டுள்ளது" என்று இருந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன். வி/4 என்ற குரோட்டன் ஒரு காலாண்டு முழுவதும் ஒரு இலைகூட விடாததால் அதற்குரிய பசளை நிறுத்தப்பட்டிருந்தது. சம்பள ஏற்றத்தை நிறுத்தியே பழகிய கை.

வெளியூர்க்காரர் இதைப் பென்சனோடு வந்த பொழுதுபோக்கு என்று நினைப்பார்கள். இதற்கு வமிசாவளி உண்டு. 1823இல் வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிஷனரிமார் செமினறி தொடங்கி எங்கள் பெடியளுக்குக் கணிதமும் வானியலும் படிப்பித்தார்கள். பிறகு வெள்ளைக்காரன் மலாயாவில் ரெயில் பாதை போட்டபோது அங்கே கணக்கெழுதப் போனவர்களில் எத்தனையோ பேர் யாழ்ப்பாணத்தார். அந்தப் பரம்பரைக்கு வெறும் பத்தியைக் கண்டால் கை அரிக்கும். ஆனால் கண்டு அளக்கிற வித்தையை எங்களுக்குச் சொல்லித்தந்தது செமினறியும் இல்லை, மலாயாவும் இல்லை. வேலி.

கிளுவை, பூவரசு, முள்முருக்கு என்று உயிர்க்கதியால் நட்டு, கிடுகோ பனையோலையோ கட்டின வேலியைத் தெரியாதவர்களுக்கு ஒரு சேதி. கதியால் மேலே வளர்வதோடு நில்லாது, பக்கவாட்டிலும் நடக்கும். வேலியடைப்புக் காலத்தில் பட்டுப்போன கதியாலைப் பிடுங்கிவிட்டுப் புதிதாக நடும்போது அது அயலவன் வளவுக்குள் ஒரு விரற்கடை தள்ளி நின்றுவிடும். இப்படியே இருபது வருடம் போனால் ஒரு தென்னை கட்சி மாறியிருக்கும். அதனால் பதினாறு பரப்பு ஓர் ஏக்கர், ஒரு பரப்புக்குப் பதினெட்டுக் குழி என்கிற கணக்கு பள்ளிக்கூடம் போகாத கிழவிக்கும் தெரியும். ஒவ்வொரு கதியாலும் எங்கே நின்றது, எத்தனை வருடத்தில் எவ்வளவு பருத்தது, போன மாரிக்கு முன் எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது என்று தகப்பன் மகனுக்குச் சொல்லிவைப்பான். கோட்டுக்குப் போனால் சாட்சி வேண்டுமே! வழக்குச் செலவு காணி விலையைத் தாண்டின பிறகும் விடாமல் அளந்தவர்கள் நாங்கள்.

பிறகு பிள்ளைகள் வெளிநாடு போய்க் காசு அனுப்பினார்கள். வேலி போய் மதில் வந்தது. கொங்கிறீற் தளிர்க்காது, நடக்காது, சாயவும் மாட்டாது. பரம்பரையாக அளந்து பழகின ஒரு சனம், அளக்க ஒன்றும் இல்லாமல் விறாந்தையில் வந்து குந்தியது. எதிரே ஒரு பூச்சாடி நின்றது. மிச்சம் உங்களுக்கே விளங்கும். இது என் சொந்த ஆராய்ச்சி, எந்தப் பல்கலைக்கழகத்துக்கும் இதில் பொறுப்பில்லை.

பூச்சாடியில் நிற்கிற கண்டை அளப்பது லேசு என்று நினைக்கிறவர்கள் அளந்து பார்க்காதவர்கள். முதற்கேள்வி, எங்கேயிருந்து அளப்பது? மண்ணிலிருந்து என்றால், மண் தண்ணீர் விட விட அமரும். கண்டு ஒன்றும் செய்யாமலே ஒரு சென்ரிமீற்றர் உயர்ந்துவிடும். மறுநாள் மனிசி ஆட்டெரு போட்டு நிரப்பினால் அதே கண்டு இரண்டு சென்ரிமீற்றர் குறைந்துவிடும். எங்கள் சர்வேயர் வீட்டில் இதனால் ஒருநாள் சமையல் நடக்கவில்லை. பிறகு சாடி விளிம்பில் ஆணியால் கீறி, இனி இதுதான் கடல்மட்டம் என்று பிரகடனம் செய்தார். மணிபிளான்ட் கொடி நேராக நிற்காது, அதற்கு நூல் பிடிக்க வேண்டும். அந்தூரியத்துக்கு உயரம் பார்ப்பது வீண், இலை அகலம்தான் கணக்கு. மருளுக்குத் தண்டே கிடையாது. எங்கள் பற்றைக்குள் ஆரும் கவனிக்காமல் நின்ற அந்த மருளில் ஓர் இனத்துக்குத் தாவரவியல்காரர் 'செய்லானிக்கா' என்று இலங்கையின் பெயரையே வைத்திருக்கிறார்கள். இன்று அதன் உறவுக்காரர் 'ஸ்நேக் பிளான்ட்' என்ற பெயரில் வெள்ளைச் சாடியில் ஏறிக் கடைக்கு வந்துவிட்டார்கள். சர்வேயர் அதையும் காசு கொடுத்து வாங்கி வி/7 ஆக்கினார். "பத்தைக்குள்ளை சும்மா கிடந்ததுக்கே?" என்று மனிசி கேட்டா. அது குறிப்புப் பத்தியில் ஏறவில்லை.

அவருக்குத் துணைக்குப் பெரிய ஆட்கள் இருக்கிறார்கள், அதை அவரே சொல்லுவார். ஸ்ரீபன் ஹேல்ஸ் என்கிற இங்கிலாந்துப் பாதிரியார் 1727இல் வெளியிட்ட நூலில், முந்திரிகைக் கொடியின் இளந்தண்டில் கால் அங்குல இடைவெளியில் ஊசியால் செந்நிறப் புள்ளி குத்தி, புள்ளிகள் எவ்வளவு விலகுகின்றன என்று பார்த்த கதை இருக்கிறது. முற்றின கணு நீளாது, இளசுதான் நீளும் என்று அப்படித்தான் கண்டார். எங்கள் ஆளும் மணிபிளான்டில் போல்பொயின்ற் பேனையால் புள்ளி வைத்தார், அதே முடிவுக்கு வந்தார், முந்நூறு வருடம் பிந்தியதைப் பற்றி அவருக்குக் கவலையில்லை. கல்கத்தாவில் ஜகதீஷ் சந்திர போஸ் செய்த கிறெஸ்கோகிராவ் கருவி செடியின் வளர்ச்சியைப் பத்தாயிரம் மடங்கு பெருப்பித்துக் காட்டியது என்று எங்கேயோ வாசித்த நாளிலிருந்து அவருக்கு நித்திரையில்லை. ரொறன்ரோவில் இருக்கிற மகனிடம் ஒன்று வாங்கி அனுப்பச் சொன்னார். மகன் மண் ஈரம் பார்க்கிற ஒரு கம்பியை அனுப்பினான். அது இப்போது கேற் கொழுவியாக இருக்கிறது.

சோதனை பக்கத்து வீட்டிலிருந்து வந்தது. அந்த வீட்டுப் பிள்ளை கிளிநொச்சி அறிவியல் நகரில் விவசாய பீடத்தில் படிக்கிறது. ஒருநாள் வந்து அவர் அளப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு மெல்லச் சொன்னது:

"அங்கிள், தொட்டுத் தொட்டு அளந்தால் கண்டு வளராதாம்."

உண்மைதான். ஃபிராங்க் சாலிஸ்பரி என்கிற அமெரிக்கத் தாவரவியலாளர் மருளூமத்தை இலைகளை நாள்தோறும் அடிமட்டம் வைத்து அளந்துகொண்டு வந்தபோது, தொட்ட இலைகள் தொடாத இலைகளின் அளவுக்கு வரவில்லை, கடைசியில் மஞ்சளாகிச் செத்தும் போயின. 1963இல் எழுதி வைத்திருக்கிறார். காற்று உலுப்பினாலும் கை தடவினாலும் எத்தனையோ செடிகள் நீளத்தைக் குறைத்துத் தண்டைத் தடிப்பாக்கிக்கொள்ளும். பத்து வருடமாகத் தங்கள் விறாந்தைக் குரோட்டன் கட்டையாக நிற்பதற்குச் சர்வேயர் மண்ணை, வெயிலை, அரசாங்கத்தை எல்லாம் குற்றம் சொல்லியிருந்தார்.

அவர் வாய் திறக்க முன் மனிசி திறந்தா. "அதுதானே பிள்ளை! தொண்ணூற்றஞ்சிலை என்ன நடந்தது எண்டு கேளும்."

1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு, யுத்தத்தால் இடம்பெயர்ந்து, வலிகாமம் முழுவதும் தென்மராட்சிக்கு நடந்த கதை எல்லாருக்கும் தெரியும். அப்போது அவர் உத்தியோகத்தில் இருந்தார், கண்டளப்பு பகுதிநேரம், கைவசம் இருந்தது ஒரே ஒரு குரோட்டன். சைக்கிளில் காணி உறுதி, பிள்ளைகளின் சேட்டிபிக்கற், கொப்பி மூன்றும் போயின. குரோட்டன் நின்றது. அடுத்த ஏப்ரலுக்குப் பிறகு திரும்பி வந்து பார்த்தால் சாடி வெடித்து, வேர் நிலத்துக்குள் இறங்கி, கண்டு யன்னல் மேற்சட்டத்தைத் தாண்டி நின்றது. வீட்டில் கூரை ஓடு பாதியில்லை. அவர் முதலில் தேடினது அடிமட்டத்தை.

"ஆறு மாசம் ஆரும் அளக்கேல்லை" என்றா மனிசி. "அதுதான் உந்த வளத்தி."

அவ ஒருநாளும் ஒன்றையும் அளந்தது கிடையாது. மீன் கழுவின தண்ணியைக் கிணற்றடிச் செவ்வரத்தைக்கு ஊற்றுவா, போறபோதும் வாறபோதும் நுனியைக் கிள்ளிவிடுவா. அது ஆள் உயரம் வளர்ந்து, கிளை விட்டு, ஊர்ப் பிள்ளையாருக்கெல்லாம் பூக்கொடுக்கிறது. சர்வேயரிடம் கேட்டால், "அது பதிவில்லாத கண்டு" என்பார்.

ஆனாலும் கொப்பியை முழு விசர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சோளகம் வீசுகிற மாதங்களில் கண்டுகள் முடங்கிக் கிடப்பது அதில் வருடத்துக்கு வருடம் தெரிகிறது. 2021இல் இரசாயன உரத்துக்குத் தடை வந்தபோது நேர்ந்த சரிவு, குறிப்புப் பத்தியில் "காரணம்: வர்த்தமானி" என்ற ஒரே வரியோடு, அப்படியே இருக்கிறது. அடுத்த வருடம் மின்சாரம் நின்ற இரவுகளில் ரோச் வெளிச்சத்தில் எடுத்த அளவுகளுக்கு நட்சத்திரக் குறி போட்டிருக்கிறார். நரம்பு பச்சையாகவே நிற்க இலை மஞ்சளாவது கோடையில்தான், மாரியில் தானாக மாறிவிடுகிறது என்பதை அவர் கொப்பியைப் புரட்டித்தான் கண்டுபிடித்தார். சுண்ணாம்புக் கல்லுக்குள்ளால் வருகிற எங்கள் கிணற்றுத் தண்ணீர் மண்ணில் இருக்கிற இரும்பைச் செடிக்கு எடுக்கவிடாது. அவர் இப்போது ஐப்பசி, கார்த்திகை மழையைப் பீப்பாயில் பிடித்து வைக்கிறார். பக்கத்து வீட்டுப் பிள்ளைகூடத் தலையாட்டியது. அன்று முழுவதும் அவர் நடையில் ஒரு பிரதம லிகிதர் தெரிந்தார்.

தொடக்கூடாது என்று ஆனதும் தொடாமல் அளக்க வழி தேடினார். பின்னேர வெயிலில் சுவரில் விழுகிற நிழலுக்குப் பென்சிலால் கோடு போட்டார். ஒரே மாதத்தில் எல்லாக் கண்டும் அரையடி வளர்ந்தன. மகனுக்கு வட்ஸ்அப்பில் செய்தி போனது. சூரியன் ஒரே இடத்தில் நிற்பதில்லை என்று அந்தப் பிள்ளைதான் வந்து சொல்ல வேண்டியிருந்தது. "சூரியனையும் நம்பேலாது எண்டால் ஆரை நம்புறது?" என்று கேட்டுவிட்டு, எட்டி நின்று ஒற்றைக் கண்ணால் மட்டம் பார்த்துக் கோடு போடத் தொடங்கினார். நல்லூர்த் திருவிழாவுக்கு லண்டனிலிருந்து மருமகள் வாறா என்று மனிசி விறாந்தைக்குப் பெயின்ற் அடிப்பித்தா. ஒன்பது கண்டுகளின் ஒரு வருட வரலாறு இளநீலத்துக்குள் போனது.

ஆறுதலுக்கோ என்னவோ, மருமகள் ஒரு கண்டு கொண்டுவந்தா. அகல இலை, நல்ல பச்சை, சாடியும் சோக்கு. இருபத்தைந்து நாள் திருவிழாவும் முடிந்து அவ திரும்பிப் போனதும் அது வி/10 ஆகப் பதியப்பட்டது. புதுவரவு என்பதால் அடிமட்டம் வைக்க விசேட அனுமதி. செப்ரெம்பரில் 61.0. ஒக்ரோபரில் 61.3. நவம்பரில் 61.4. குறிப்பு: "மெதுவான, ஒழுங்கான வளர்ச்சி. எங்கள் சுவாத்தியத்துக்குப் பழகி வருகிறது. இலை உதிர்வு இல்லை. நன்னடத்தை."

மார்கழியில் ஒருநாள் பக்கத்து வீட்டுப் பிள்ளை இலையைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சிரிப்பை அடக்க முடியாமல் நின்றது. "அங்கிள், இது பிளாஸ்ரிக்."

மனிசிக்கு முதல் நாளே தெரியும். தூசி தட்ட ஈரத் துணி எடுத்துக்கொண்டு வந்தவ, பேசாமல் நின்றா. சர்வேயர் இலைகளை எண்ணுவாரே தவிர ஒருநாளும் பார்த்ததில்லை. இப்போது பார்த்தார். கொப்பியைப் பார்த்தார். நாங்கள் எல்லாரும் வேறு பக்கம் பார்த்தோம்.

"அப்ப" என்றார், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, "வளராத சாமான் நாலு மில்லிமீற்றர் வளந்திருக்கெண்டால், என்ரை அளவிலை பிழை நாலு மில்லிமீற்றர்." முகம் மலர்ந்துவிட்டது. "இவ்வளவு காலமும் இது தெரியாமல் இருந்திட்டனே! இஞ்சாரும், அந்தச் சிவப்புப் பேனையை எடும். முதல் பக்கத்திலையிருந்து எல்லாத்தையும் திருத்த வேணும்."

"அப்ப, உதுக்குத் தண்ணி விடுறதை நிப்பாட்டுவமே?" என்று மனிசி கேட்டா.

"சீச்சீ" என்றார் அவர். "நிபந்தனை பத்துக்கும் ஒண்டாய் இருக்க வேணும். விடும்."