விடிந்தும் விடியாத கோட்டை

கேள்வி: 1971-இல் ராஜஸ்தான் எல்லையில் லோங்கேவாலா காவல்சாவடியை 120 வீரர்கள் இரவு முழுக்கக் காத்தார்களாமே! நம் ஜொகூரில் அப்படி ஒரு முற்றுகை நடந்ததுண்டா?
- வாசகர், குளுவாங்

பதில்: உண்டு, பாலைவனம்தான் இல்லை. மூவார் ஆற்றங்கரையில் புக்கிட் கெப்போங் போலீஸ் நிலையம். அதைக் கோட்டை என்றால் அந்தப் பலகைச் சுவருக்கே கூச்சமாக இருக்கும். 1950 பிப்ரவரி 23, விடிவதற்கு முன் ஏறத்தாழ 180 கம்யூனிஸ்ட் கெரில்லாக்கள் சூழ்ந்தார்கள். உள்ளே இருபத்துச் சொச்சம் காவலர்கள், பக்கத்துக் குடியிருப்பில் அவர்களுடைய மனைவி மக்கள். சரணடையச் சொன்னார்கள், சார்ஜன் ஜமில் முகமட் ஷா மறுத்துவிட்டார். சுமார் ஐந்து மணி நேரச் சண்டை. கடைசியில் கட்டடத்துக்குத் தீ வைத்தார்கள். காவலர்களோடு பெண்களும் குழந்தைகளும் மாண்டார்கள்.

லோங்கேவாலாவில் பொழுது விடிந்ததும் ஜெய்சால்மரிலிருந்து இந்தியாவின் ஹன்டர் விமானங்கள் வந்து பாகிஸ்தான் டாங்கிகளை நொறுக்கின. புக்கிட் கெப்போங்குக்கு வானமும் உதவவில்லை, சாலையும் உதவவில்லை. வென்றவர்களுக்கு நிகராக இவர்களையும் வைத்துப் பேச வேண்டும் என்பேன். ஜின்ஸ் ஷம்சுடின் 1981-இல் எடுத்த 'புக்கிட் கெப்போங்' படத்தைப் பாருங்கள், பிள்ளைகளையும் கூட உட்கார வைத்துக்கொண்டு.