ஜெனரேட்டருக்கு ஓய்வு

ஆஸ்பத்திரி ஜெனரேட்டரை வாரம் ஒருமுறை ஓட்டிப் பார்க்கச் சொல்பவர்களுக்கு இரக்கமே கிடையாது. ஆயுதபூஜைக்குச் சந்தனப் பொட்டு வைத்தாயிற்று. பேட்டரி முனையில் தானாகவே வெள்ளை பூத்திருக்கிறது. இன்னும் என்ன வேண்டும்? 2019 மே 7 மாலை மதுரை ராஜாஜி மருத்துவமனையில் மின்சாரம் போய், ஜெனரேட்டரும் கைவிட்டது. அன்று இறந்த நோயாளிகள் மின்தடையால் சாகவில்லை என்று நிர்வாகமே சொல்லிவிட்டது. அப்புறம் எதற்கு டீசல் செலவு?

நாமக்கல் கோழிக்குஞ்சு பொரிப்பகக்காரர்கள்தான் அநியாயத்துக்குப் பயப்படுகிறார்கள். முட்டைக்கு 21 நாள் சூடு குறையக் கூடாதாம். கரண்ட் போன கையோடு ஜெனரேட்டர் உறுமுகிறது. ஐ.சி.யு. நோயாளிகளை அங்கேயே படுக்கவைத்தால் என்ன? ஒருவரிடம் கேட்டேன். தலையைச் சொறிந்தார்.

“முட்டை போக எடமிருந்தாப் பாக்கலாமுங்க. ஒரு தட்டு முட்டை கெட்டாலும் நாந்தானுங்க பதில் சொல்லோணும்.”