ஒரே ஒருவருக்காக ஒரு சட்டம்

கேள்வி: தென்னாப்பிரிக்காவின் ராபன் தீவுச் சிறை என்றாலே நெல்சன் மண்டேலாதானா? அங்கே அடைபட்ட இன்னொருவரைச் சொல்லுங்களேன்.

பதில்: ராபர்ட் சொபுக்வே. ஒரு மனிதரை வீட்டுக்கு அனுப்பக் கூடாது என்பதற்காக ஒரு நாட்டின் நாடாளுமன்றமே உட்கார்ந்து சட்டம் போட்டது என்றால், அவர் எப்பேர்ப்பட்டவர் என்று பார்த்துக்கொள்ளுங்கள்!

விட்வாட்டர்ஸ்ராண்ட் பல்கலைக்கழகத்தில் ஆப்பிரிக்க மொழி கற்பித்தவர். 1959-இல் பான் ஆப்பிரிக்கனிஸ்ட் காங்கிரஸ் என்ற கட்சியைத் தொடங்கியவர். கறுப்பின மக்கள் எங்கே போனாலும் பாஸ் புத்தகம் என்ற அனுமதி ஆவணம் வைத்திருக்க வேண்டும் என்ற கொடுமையை எதிர்த்து, 1960 மார்ச் 21 அன்று அது இல்லாமல் ஒர்லாண்டோ காவல் நிலையத்துக்கு நடந்தே போய், கைது செய்யுங்கள் என்று நின்றார். அதே நாளில், அதே போராட்டத்தில்தான் ஷார்ப்வில் நகரில் போலீஸ் சுட்டு 69 பேர் செத்தார்கள்.

அவருக்கு மூன்றாண்டு தண்டனை. அது 1963 மே மாதம் முடியும் நேரத்தில், தண்டனை முடிந்தவரையும் உள்ளேயே வைக்கலாம் என்று சட்டத்தில் ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். அதன் பெயரே 'சொபுக்வே பிரிவு'. ஆண்டுதோறும் அதைப் புதுப்பித்து, ஆறு ஆண்டுகள் ராபன் தீவில் தனி வீட்டில் வைத்தார்கள். மற்ற கைதிகளோடு ஒரு வார்த்தை பேசக் கூடாது. மொழி ஆசிரியருக்குப் பேசத் தடை! இதைவிடக் கொடுமையாக யாரால் யோசிக்க முடியும்? அவரோ அங்கிருந்தபடியே லண்டன் பல்கலைக்கழகத்தின் பொருளாதாரப் பட்டம் வாங்கினார்.

1969-இல் தீவை விட்டு அனுப்பினார்கள், கிம்பர்லி நகரில் முடக்கிப்போட. 1978-இல், 53 வயதில், நுரையீரல் புற்றுநோயால் இறக்கும்வரை தடைகள் நீங்கவில்லை. ஆனால் அதற்குள் அங்கேயே சட்டம் படித்து வழக்கறிஞராகிவிட்டார். தன் பெயரிலேயே ஒரு சட்டப் பிரிவு இருக்கும்போது, வேறு எதைப் படிப்பார்!