கருணாமிர்த சாகரத்துக்கு எத்தனை சதவீதம்?

பெறுநர்: மாண்புமிகு ஜிஎஸ்டி கவுன்சில், புதுதில்லி.

அனுப்புநர்: தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறை மாவட்டங்களில் சொந்தக் காசைப் போட்டுப் புத்தகம் அச்சடித்தவர்கள்.

பொருள்: 1917இல் தஞ்சாவூரில் அச்சான ஒரு நூலை வீடியோ வகுப்பாக்கி விற்றால் வரி என்ன என்பது குறித்து.

பார்வை: 18.7.2022 முதல் நடைமுறையில் உள்ள அரிசிச் சிப்ப விதி.

கனம் கவுன்சில் அவர்களுக்கு,

பார்வையில் கண்ட விதியிலிருந்து தொடங்குவதுதான் மரியாதை. பையில் கட்டிப் பெயர் அச்சிட்ட அரிசி 25 கிலோ வரை இருந்தால் 5 சதவீதம், அதைத் தாண்டினால் வரி இல்லை என்று கவுன்சில் அறிவித்தது. அறிவித்த சூட்டிலேயே தமிழ்நாட்டு அரிசி ஆலைகள் சிப்பத்தில் ஒரு கிலோவைக் கூட்டிப் போட்டுத் தைத்தன. இன்றைக்கும் மளிகைக் கடையில் 26 கிலோ சிப்பம் நிற்கிறது. அந்த ஒரு கிலோ அரிசியின் கதை பொருளாதாரப் பேராசிரியர்களுக்குப் புரிந்ததோ இல்லையோ, டெல்டாக்காரருக்குப் புரிந்தது. நிறைய வாங்குகிறவன் மேல் கவுன்சிலுக்குப் பிரியம் அதிகம்.  

இங்கே விவகாரம் அரிசி விளைந்த ஊரின் புத்தகங்களைப் பற்றியது.

புத்தகம் போட்டவர் என்றால் யார் என்று கவுன்சில் கேட்கலாம். ஓய்வுபெற்ற பிறகு தன் ஊர்க் கோயில் கல்வெட்டுகளைத் தொகுத்த வாத்தியார். பாரம்பரிய நெல்லைப் பற்றி எழுதிய வேளாண்மை அலுவலர். தேவாரப் பண்களுக்குச் சுரம் எழுதிய ஓதுவார். முந்நூறு பிரதி அடித்து, உறவினருக்கும் நண்பருக்கும் கையெழுத்துப் போட்டு இனாமாகக் கொடுத்து, மீதியைப் பரணில் ஏற்றி, எலிக்குப் பயந்து பாலித்தீன் சுற்றி வைத்திருப்பவர். இவருக்கு இப்போது வீட்டிலும் வெளியிலும் ஒரே யோசனை சொல்லப்படுகிறது: “புத்தகத்தை யார் சார் படிக்கிறா? ஒவ்வொரு அத்தியாயத்தையும் ஒரு வீடியோவாகப் பேசுங்க. கோர்ஸா விக்கலாம். உட்கார்ந்த இடத்துல காசு.”

உட்கார்ந்த இடம் உண்மைதான். மற்றது கொஞ்சம் கஷ்டம். மின்விசிறியை நிறுத்தாவிட்டால் மைக் அந்தச் சத்தத்தையே பிரதானமாகப் பதிவு செய்கிறது. அக்கினி நட்சத்திரத்தில், தஞ்சாவூர் வீட்டு உள்ளறையில், மின்விசிறியை அணைத்து, கதவைச் சாத்தி, கட்டில் மெத்தையை எடுத்து எதிரொலிக்காகச் சுவரில் சாய்த்து, ஒரு மனிதர் முதலாம் இராசராசனின் நிலவரி முறையை முகத்தில் சிரிப்போடு விளக்க வேண்டும். மார்கழியில் விடியற்காலையிலேயே ஒலிபெருக்கி, ஆடியில் அம்மன் கோயில், தை மாதத்தில் தெருவை அடைத்துக்கொண்டு கதிர் அறுக்கும் மெஷின். இவற்றுக்கு நடுவே சிக்கிய அமைதியில் எடுத்ததுதான் அந்த வீடியோ.

அதை யூடியூபில் போட்டால், விளம்பரக் காசு கிடைக்க 1,000 சந்தாதாரரும், 12 மாதத்துக்குள் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும். அது கைகூடினால் விளம்பர வருமானத்தில் 55 பங்கு பேசியவருக்கு, 45 பங்கு நிறுவனத்துக்கு. யூடெமி போன்ற சந்தையில் வைத்தால், அவர் தானே ஆள் பிடித்துத் தன் கூப்பனைக் கொடுத்து விற்பதில் 97 சதவீதம் கிடைக்கும். சந்தைக்குத் தானாக வந்த ஆள் வாங்கினால் 37. குத்தகைக் கணக்கு தலைமுறை தலைமுறையாகப் பழகிய மண் இது. இந்தப் பங்கீடு இங்கே யாருக்கும் அதிர்ச்சி தராது. அதனால் இந்த மனுவில் அந்த நிறுவனங்கள் மேல் புகார் எதுவும் இல்லை.

மனு கவுன்சிலிடம் வருவதற்குக் காரணம் வேறு. அச்சடித்த புத்தகத்துக்கு வரி பூஜ்யம். அதே புத்தகத்தை மின்னூலாக விற்றால் 5, அதுவும் அச்சுப் பிரதி இருந்தால் மட்டும், இல்லாவிட்டால் 18. அதாவது மின்னூல் தனக்கு ஒரு காகித அண்ணன் உண்டு என்று நிரூபித்துத்தான் சலுகை வாங்க வேண்டும். அதே வாக்கியங்களை அதே ஆசிரியர் வாய்விட்டுச் சொல்லி இணையத்தில் வகுப்பாக விற்றால் 18தான். அதற்கு அண்ணன் தம்பி சலுகைகூடக் கிடையாது.

சேவை தருபவரின் ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால்தானே பதிவு வேண்டும், ஏன் பதறுகிறீர்கள் என்று கவுன்சில் அலுவலகம் பதில் எழுதும் என்பது தெரிந்ததே. உண்மை. பரணில் புத்தகம் வைத்திருப்பவர் எவரும் 20 லட்சத்தைக் கனவிலும் கண்டதில்லை. ஆனால் நடுவில் நிற்கும் பெரிய தளத்துக்கு அந்த விலக்கு இல்லை. அது மாணவரிடம் வரியைச் சேர்த்தே வாங்கும். மன்னார்குடியில் ஒரு கல்லூரிப் பையன் 500 ரூபாய் வகுப்பைப் பார்த்துவிட்டு 590 என்று வந்ததும் மூடிவிட்டுப் போவான். அந்தத் தொண்ணூறு ரூபாய் வாத்தியாருக்கும் இல்லை, கவுன்சிலுக்கும் இல்லை.

விஷயத்தைத் தெளிவாகக் கேட்க, தஞ்சாவூரின் பழைய கோப்பு ஒன்றைக் கவுன்சில் முன் வைக்கிறார்கள் மனுதாரர்கள்.

பெயர்: ராவ் சாகிப் ஆபிரகாம் பண்டிதர். பிறப்பு 1859, தென்காசிப் பக்கம் சாம்பவர்வடகரை. தஞ்சாவூரில் ஆசிரியராக இருந்தவர், வேலையை விட்டுவிட்டுச் சித்த மருத்துவத்தில் இறங்கினார். அவருடைய கோரோசனை மாத்திரை இலங்கை, பர்மா வரை போயிற்று. அந்தக் காசில் ஊருக்கு வெளியே பெரிய தோட்டம் போட்டார். 1912இல் சங்கீத வித்தியா மகாஜன சங்கம் தொடங்கி, தன் செலவில் வித்துவான்களை வரவழைத்து மாநாடுகள் நடத்தினார். பிறகு ‘கருணாமிர்த சாகரம்’ எழுதினார். ஆயிரம் பக்கத்துக்கு மேல் போகிற அந்த இசை நூலை அச்சடிக்க வெளியே யாரிடமும் போகவில்லை. சொந்தமாக வைத்திருந்த லாலி மின்சார அச்சகத்தில் 1917இல் வெளியிட்டார். இரண்டாண்டு கழித்து இறந்துபோனார்.

எழுதியவர், அச்சடித்தவர், வெளியிட்டவர், செலவு செய்தவர் எல்லாம் ஒரே ஆள். சுயபதிப்பு என்பதற்கு இதைவிடச் சுத்தமான உதாரணம் தமிழில் தேட வேண்டும்.

இதில் கவுன்சில் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. நூலின் பெரிய வழக்கு சுருதிகளைப் பற்றியது. ஒரு ஸ்தாயியில் 22 சுருதி என்று பழைய இசை இலக்கண ஆசிரியர் சாரங்கதேவரின் வழியில் வந்தவர்கள் சொல்ல, இல்லை 24 என்று வாதாடினார் பண்டிதர். இதைக் காகிதத்தில் எவ்வளவு கணக்குப் போட்டாலும் காதுக்குக் கேட்காது. பண்டிதருக்கு அது தெரிந்திருந்தது. 1916இல் பரோடாவில் அகில இந்திய இசை மாநாடு கூடியபோது, வீட்டுப் பெண்களையும் வீணையையும் அழைத்துக்கொண்டு ரயிலேறினார். அவர் விளக்க, அவர்கள் பாடியும் வாசித்தும் காட்டினார்கள். நூல் வெளிவருவதற்கு முன்பே அதன் வகுப்பு நடந்தாகிவிட்டது. கேமரா மட்டும் இல்லை. வீடியோ வகுப்பை வெறும் காசு பார்க்கும் தந்திரம் என்று முகம் சுளிக்கிற இலக்கியவாதிகளுக்கும் இந்தக் கோப்பில் ஒரு பதில் இருக்கிறது. சில புத்தகங்கள் பேசியும் பாடியும் காட்டினால்தான் முழுமை பெறும்.

இனி, இன்றைய விகிதத்தில் பண்டிதருக்குச் சீட்டுப் போடலாம். சித்த மருந்து மாத்திரை, 5. அச்சுத் தாள், 18. அச்சான புத்தகம், 0. பலா மரத்தில் குடைந்து செய்த தஞ்சாவூர் வீணை, கையால் செய்த நாட்டு இசைக்கருவிப் பட்டியலில் வருவதால் 0. அந்த வீணையைத் தனிநபர் ஒருவர் நேரில் சொல்லிக்கொடுத்தால் கலைப் பயிற்சி என்று விலக்கு. அதே வீணை, அதே விரல், அதே 24 சுருதி, பதிவுசெய்த வகுப்பாகத் தளத்தில் ஏறினால் 18. தாளுக்கும் 18, குரலுக்கும் 18. இரண்டுக்கும் நடுவில் இருக்கிற புத்தகத்துக்கு மட்டும் பூஜ்யம். சுருதி 22ஆ 24ஆ என்ற சண்டை நூறு ஆண்டைத் தாண்டியது. கவுன்சில் வந்ததும் 18 என்று முடிந்துவிட்டது.

பண்டிதர் விதிவிலக்கு என்றும் கவுன்சில் தள்ளிவிட முடியாது. உத்தமதானபுரத்து உ.வே. சாமிநாதையர் 1880இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழ் ஆசிரியர் ஆனார். 1887இல் ‘சீவக சிந்தாமணி’யைப் பதிப்பித்தபோது ஆள் ஆளாகப் பார்த்துக் கையொப்பம் வாங்கி, முன்பணம் திரட்டித்தான் அச்சுக்கூலி கொடுத்தார். அதே கும்பகோணத்தில் எம்.வி. வெங்கட்ராம் சரிகை வியாபாரத்தில் சேர்த்ததைத் ‘தேனீ’ என்ற இலக்கிய இதழில் விட்டார். காவிரிக் கரையில் காசு எப்போதும் மாத்திரையிலிருந்து, சம்பளத்திலிருந்து, சரிகையிலிருந்து, நெல்லிலிருந்து புத்தகத்துக்குத்தான் பாய்ந்திருக்கிறது. புத்தகத்திலிருந்து வீட்டுக்குக் காசு வரலாம் என்று இப்போதுதான் முதன்முதலாக ஒரு வாய்க்கால் வெட்டுகிறார்கள். தலைமதகிலேயே கவுன்சில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறது.

ஊர்க்காரர்கள் சும்மா இருப்பார்களா? அரிசிக்கு 26 கிலோ கண்டுபிடித்தவர்கள் இதற்கும் வழி வைத்திருக்கிறார்கள். வகுப்பை விற்காதே, புத்தகத்தை விற்று, கடைசிப் பக்கத்தில் கியூஆர் கோடு அச்சடி. மாணவர் வாங்குவது புத்தகம், வரி பூஜ்யம். அதை ஸ்கேன் செய்தால் வீடியோ இனாம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் சட்டத்தின் 8ஆம் பிரிவு குறுக்கே நிற்கிறது. இயல்பாகவே சேர்ந்து போகிற இரண்டு என்றால் எது பிரதானமோ அதன் வரி. இயல்பில்லாமல் ஒட்டவைத்தது என்றால் இருப்பதில் எது அதிகமோ அந்த வரி. கருணாமிர்த சாகரத்தோடு பத்து நிமிட வீடியோ வந்தால் புத்தகம் பிரதானம் என்று குழந்தையும் சொல்லும். இருபது பக்கக் கையேட்டோடு இருபது மணி நேர வீடியோ வந்தால்? நூற்றிருபது பக்கத்துக்கு ஆறு மணி நேரம் என்றால்?

இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள முன்தீர்ப்பு ஆணையம் என்று ஒன்று இருக்கிறது. மத்தியச் சட்டத்துக்கு 5,000, மாநிலச் சட்டத்துக்கு 5,000, ஆக ஒரு மனுவுக்குக் கட்டணம் 10,000 ரூபாய். பரணில் இருக்கிற கட்டு அத்தனையும் முழு விலைக்குப் போனாலும் அந்தக் கேள்வியைக் கேட்கக் காசு பற்றாது. ஆகவேதான் இந்தப் பகிரங்கக் கடிதம்.

மனுதாரர்கள் கேட்பது அதிகம் இல்லை. வரியை எடுத்துவிடுங்கள் என்று சொல்லி அசடு வழிய அவர்களுக்கு மனமில்லை. கவுன்சிலுக்குப் பழக்கமான அளவுகோலிலேயே கேட்கிறார்கள். புத்தகத்துக்கும் ஒரு எடை வரம்பு விதியுங்கள். இத்தனை கிலோவுக்கு மேல் புத்தகம் இருந்தால், கூட வருகிற வீடியோ எத்தனை மணி நேரமானாலும் அது அந்தப் புத்தகத்தின் அடிக்குறிப்பு என்று அறிவித்துவிடுங்கள். ஓதுவார் தன் சுரப் புத்தகத்தைத் தடித்த அட்டையில் கட்டிக்கொள்வார். கல்வெட்டு வாத்தியார் பின்னிணைப்பாக நூறு வெள்ளைத் தாள் சேர்த்துக்கொள்வார். தாளுக்கு 18 கட்டத் தயார். வேளாண்மை அலுவலருக்கு மட்டும் வேறு யோசனை. திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஆதிரெங்கத்து நெல் திருவிழாவில் நெல் ஜெயராமன் 2 கிலோ விதை கொடுத்து, அடுத்த ஆண்டு 4 கிலோவாகத் திருப்பி வாங்கினார். 174 ரகங்களை அப்படித்தான் பரப்பினார். அதுபோல வகுப்புக் கட்டணத்தையும் நெல்லாக வாங்கிக்கொள்ளலாமா என்று கேட்கிறார். விதை நெல்லுக்கு வரி இல்லை என்பதை அவர் ஏற்கெனவே பார்த்து வைத்திருக்கிறார். ஆனால் கட்டணத்தை நெல்லாக வாங்கினாலும் வகுப்பு வகுப்புதான் என்று கவுன்சில் சொல்லுமோ என்ற சந்தேகமும் அவருக்கு உண்டு.

கவுன்சிலில் எந்த முடிவும் நிறைவேற நான்கில் மூன்று பங்கு வாக்கு வேண்டும் என்பதும், மூன்றில் ஒரு பங்கு மத்திய அரசின் கையில் என்பதும் மனுதாரர்களுக்குத் தெரியும். எடையை எத்தனை கிலோ என்று வைப்பது உறுப்பினர்கள் விருப்பம். ஆய்வுக்கு உதவியாகக் ‘கருணாமிர்த சாகரம்’ பிரதி ஒன்றை இத்துடன் இணைத்திருக்கிறார்கள். சிறு பதிப்பாளர்களைத் தாங்கி நின்ற பதிவுப் புத்தக அஞ்சலை 2024 டிசம்பரில் நிறுத்திவிட்டார்கள். அதற்குப் பிறகு 2025 மே மாதம் வந்த ஞான அஞ்சலில் 5 கிலோ வரை 100 ரூபாய். அதனால் அதிலேயே அனுப்பியிருக்கிறார்கள். அஞ்சல் துறையின் அறிவிப்பில் அந்த நூறு ரூபாய்க்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் ஒரு வரி இருக்கிறது: வரிகள் தனி.

இப்படிக்கு,
பரணில் பிரதி வைத்திருப்போர்,
காவிரிப் படுகை.

நகல்: தமிழ்நாட்டு நிதி அமைச்சருக்கு, தகவலுக்காக.